காலி சிலிண்டர்

ஏறும்போது எல்லாரும் பார்க்கிறார்கள்.
மாவு ஒட்டிய கையோடு கதவைப் பிடித்துக்கொள்கிறார்கள்,
"நாலு மாடி, பாவம்" என்று
டிவி மேல் சில்லறை தேடுகிறார்கள்.
தோளில் முப்பது கிலோ சிவப்பு.
ஏறுவதில் எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

இறங்கும்போதுதான்.
பாதி எடை. தட்டினால் மணிச் சத்தம்.
அந்தக் காலிதான் வலது முட்டியில் ஆணி.

சொன்னால் சோம்பேறி சாக்கு என்பார்
ஏஜென்சி கஜபதி.
ஸ்டான்லியில் சீட்டு வாங்கி
பெஞ்சில் மூன்று மணி நேரம் தேய்ந்து
பிலோமினா மேடத்திடம் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.

"காசிமேட்டுல நங்கூரம் எறக்கிப் பாத்திருக்கியா?
இழுக்கறது ஒரு வேலை.
கனத்தை மெதுவா உள்ள விடறது வேற வேலை.
விடவும் வேணும், புடிக்கவும் வேணும்.
உள்ளங்கை எப்போ உரியும்?"
விடும்போது, என்றேன்.
"உன் தொடை அதத்தான் பண்ணுது, படிக்குப் படி.
நீண்டுக்கினே புடிக்குது.
நடுவுல முட்டிச்சில்லு நசுங்குது.
உன்னோட எடை மாதிரி மூணு மடங்கு."

அப்படியானால்
நானே மூன்று பேராக என் முட்டியில் உட்கார்ந்து
தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டை
இருபத்திரண்டு வருஷமாக இறங்கியிருக்கிறேன்.

எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார்.
இடது காலில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே
கறுப்பாக ஒரு சந்து.
வலது காலில் சந்தே இல்லை.
எங்கள் தெருவில் ஆளுக்கு ஓர் அடி
இழுத்துக் கட்டிக்கொண்ட மாதிரி
எலும்பு ஓரமாக முளைத்து நீட்டியிருந்தது.

அந்தச் சந்தில் குருத்தெலும்பு குடியிருந்ததாம்.
ரத்தக்குழாய் நுழையாத இடம்,
லாரித் தண்ணீர் எட்டாத கடைசி வீடு.
மிதித்தால் பிழியும், காலை எடுத்தால் உறிஞ்சும்.
நடைதான் அதற்குச் சோறு.
சுமையோடு நடந்த நடைதான்
அதைத் தின்றதும்.

"அப்போ நடக்கவா, வேணாமா?"
அடுத்த சீட்டைக் கூப்பிடப் போனவர் நிறுத்தினார்.
"நட. தூக்காத."

தூக்காமல் நடக்க
எந்தத் தெருவிலும் எனக்கு வேலையில்லை.

தொடையை இறுக்கி ஐந்து எண்ணி விடச் சொன்னார்.
கொருக்குப்பேட்டை கேட் அடைத்தால்
வண்டி சீட்டில் காலை நீட்டிச் செய்கிறேன்.
டேங்கர் ஒன்றுக்கு ஒருமுறை.
பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான்,
கேட்டை நான்தான் அடைத்து வைத்த மாதிரி.
நாற்பத்தாறு. நாற்பத்தேழு.
தொடை நடுங்கினால் நல்லதாம்.

அதுவரை யாரும் சொல்லித்தராத ஒன்று
போன மாதம் நடந்தது.
எச் பிளாக், மூன்றாவது மாடி.
முதல் படியிலேயே ஆணி இறங்க,
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டேன்.
முகம் வாசலுக்கு, முதுகு தெருவுக்கு.
ஏணியில் இறங்குவது போல
வலிக்கிற காலை முதலில் கீழே தேடினேன்.
ஆணி இருந்தது.
அடிக்கத்தான் இல்லை.

கதவு சாத்த வந்த சற்குணம்
"இன்னா, துட்டு பத்தலியா?
மொறச்சிக்கினே போற?" என்றாள்.
இல்லை, என்றேன், இன்னொரு படி இறங்கி.
அவள் சாத்தாமல் உள்ளே போனாள்.

இத்தனை வருஷமும் இந்த வீடுகளுக்கு
முதுகைத்தான் காட்டியிருக்கிறேன்.
சுவரில் பிள்ளைகள் உயரம் பார்த்த பென்சில் கோடுகள்,
கடைசிக் கோடு என் தோளுக்கு.
ஒரு மூலையில் கேரம் போர்டு.
அவள் லைட்டரைத் தட்டினாள், மூன்றுமுறை.
நான் ஏற்றிவைத்தது
நீலமாகப் பற்றிக்கொண்டதை
முதன்முதலாகப் பார்த்தேன்.

மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை.
விழுந்து தொலையாதே என்பார்.
மீதி இருபத்தெட்டுப் படி.
கீழிருந்து ஒரு சிறுவன் கத்துகிறான்:
"வழி வுடுங்க,
கேஸ்காரரு ரிவர்ஸ்ல வராரு!"